பங்காளிக்கு ஆட்சேபணை இல்லை

இந்த ஆண்டும் யாரும் ஒரு மானைக்கூடக் கொல்லக் கூடாது என்று கல்லிடுக்கு ஏரி ஊராரிடம் சொல்வதற்காக வந்த விமானம், தரையிறங்கும்போது ஒரு மானைக் கொன்றது.

பக்கத்தில் நின்று பார்த்தவள் பிலோமின் சானி ஒருத்திதான். ஓடுதளத்துப் பனியை வழித்து ஒதுக்குவது அவள் வேலை. கிரேடர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். கரிபு மான்கள் அந்தப் பக்கம் வந்து இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. எங்கிருந்தோ தனியாக ஒரு பெட்டை மான் மரங்களுக்கிடையிலிருந்து வெளியே வந்து, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல ஓடுதளத்தின் நட்டநடுவில் நின்றது. பிலோமின் ஹாரனை அழுத்தினாள். மான் திரும்பி அவளைப் பார்த்தது. விமானத்தைப் பார்க்கவில்லை.

விமானத்தின் விசிறி வளைந்துபோனது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கதவு திறந்து முதலில் இறங்கியவர் டக்ளஸ் பென்ஹேல், வடபுலக் கரிபு கூட்டு மேலாண்மை வாரியத்தின் தலைவர். அவருக்குப் பின்னால் வாரியத்தின் உயிரியலாளர் கிர்ஸ்டன் என்ற இளம்பெண். அப்புறம் உறுப்பினர்கள் வரிசையாக. எல்லோருடைய பச்சை நிற மேலங்கியிலும் நெஞ்சருகே ஒரு கரிபு பாய்ந்துகொண்டிருந்தது. கீழே கிடந்தது பாயவில்லை.

பென்ஹேல் குல்லாவைக் கழற்றினார். எல்லோரும் கழற்றினார்கள். மௌனம் அனுசரிக்கப்பட்டது. மௌனம் முடியட்டும் என்று பொறுத்திருந்த பிலோமின், கையுறையைப் பல்லால் உருவிக்கொண்டு இடுப்புக் கத்தியை எடுத்தாள்.

“என்னம்மா செய்றீங்க?” என்றார் பென்ஹேல்.

“சூடு ஆறதுக்குள்ள வயித்தைக் கிழிச்சுக் குடலை எடுக்கணுங்க. இல்லன்னா கறி நாறிப்போயிடும்.”

“தொடாதீங்க. இது கறி இல்ல.”

“பின்ன என்னங்க?”

பென்ஹேல் கிர்ஸ்டன் பக்கம் திரும்பினார். “இது என்ன?”

கிர்ஸ்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இன்னும் தெரியல சார். வேட்டைன்னு எழுதினா, இந்த வருஷ அனுமதி பூஜ்யம். தானா செத்ததுன்னு சொல்ல முடியாது. ஆராய்ச்சிக்கு எடுத்த சாம்பிள்னா முன்கூட்டியே விண்ணப்பம் போட்டிருக்கணும்.”

“அப்போ இதோட நிலை முடிவாகல. நிலை முடிவாகாத ஒண்ணை யாரும் தொடக் கூடாது.”

குடலை எடுக்காவிட்டால் நிலையை முடிவுசெய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது என்று கிர்ஸ்டன் காதோடு சொன்ன பிறகு, ‘தடயப் பாதுகாப்பு’ என்ற தலைப்பில் பிலோமினுக்கு அனுமதி கிடைத்தது. அவள் அறுத்துக் கொடுக்கக் கொடுக்க, ஈரல், இதயம், நாக்கு என ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டு எண் ஒட்டினார்கள். உடலை ஊர்ப் பொது ஃப்ரீசருக்குக் கொண்டுபோய்க் கதவில் புதுப் பூட்டு போட்டார்கள். பூட்டின் மேல் ஒரு காகிதமும் ஒட்டினார்கள்: ‘உங்களோடு சேர்ந்து பாதுகாக்கிறோம்.’

பிலோமின் வீட்டுக்குள் நுழையும் முன்பே செய்தி நுழைந்துவிட்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்துக் கட்டிலில் அவள் கணவன் மொயீஸ் தலையணையில் சாய்ந்து படுத்திருந்தான். கிறிஸ்துமஸ் முடிந்ததும் தெற்கே பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி வைத்தியம் இல்லை, விரும்பியதைக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் விரும்பியதோ கடையில் விற்பதில்லை. பாக்கெட் சூப்பும் கோழியும் போன வழியே திரும்பி வந்தன. ஆள் பாதியாகியிருந்தான்; வாய் மட்டும் முழுசாக இருந்தது.

“போர்டுக்காரனுங்க மான் அடிச்சானுங்களாமே?” என்றான்.

“அடிச்சாங்க.”

“துப்பாக்கி இல்ல, பனிவண்டி இல்ல, ஏரோப்ளேன்லயே வந்து அடிச்சுட்டுப் போறானுங்க. ஆயுசு பூரா வேட்டைக்குப் போனவன் நான், எனக்கு இது தோணலையே.”

“சிரிக்காத. இருமல் வரும்.”

“கொழுப்பு இருந்துச்சா?”

“முதுகுல ரெண்டு விரக்கடை.”

மொயீஸ் கண்ணை மூடிக்கொண்டான். “நல்லி எலும்பு ஒண்ணு. உடைச்சு வேகவெச்சு, அந்தச் சாறு அரை டம்ளர். போதும் எனக்கு.”

“பூட்டிட்டாங்க.”

“கேட்டுப் பாரு. பங்காளி பங்காளின்னுதானே நம்மள கூப்பிடறானுங்க. பங்காளி வீட்ல ஒரு ஆள் போகப்போறான், அரை டம்ளர் சாறு தரமாட்டானுங்களா?”

பூட்டை உடைக்கலாமே என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் போன குளிர்காலத்தில் மொயீஸின் தங்கை பெர்த்தாவின் மூத்த மகன் காட்டுக்குள் வெகுதூரம் போய் ஒரு மானைச் சுட்டு வந்தான். மானையும் துப்பாக்கியையும் பனிவண்டியையும் எடுத்துக்கொண்டு போன அதிகாரிகள் இன்னும் திருப்பித் தரவில்லை. அவன் இப்போது கடையில் அட்டைப்பெட்டி அடுக்குகிறான். ஆகவே பிலோமின் கேட்டுப் பார்ப்பது என்று முடிவுசெய்தாள்.

அன்று மாலை பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் கூட்டம். முதலில் பிரார்த்தனை. பிறகு மேளம். பிறகு ஊர் வழக்கப்படி, இறந்தவர்களுக்காக நெருப்புக்குப் படையல் போட வேண்டும் என்று பென்ஹேல் விரும்பினார்; கூடத்துக்குள் நெருப்பு மூட்டக் கூடாது என்று விதி இருந்ததால், திரையில் நெருப்பின் படம் காட்டி அதன் முன்னால் ஒரு தட்டில் பன்றிக்கறி சாசேஜ் வைத்தார்கள். பள்ளிச் சமையல்காரியான பெர்த்தா அந்தத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பும்போது பிலோமின் காதருகே குனிந்து, “செத்தவங்கள்லாம் இனிமே டிவி பாத்துச் சாப்பிடணும் போல, அண்ணி,” என்றாள்.

பென்ஹேல் எழுந்து பேசினார். கையில் தாள் வைத்துக்கொள்ளாமல், நெஞ்சிலிருந்து பேசுபவர் என்று அவருக்குப் பெயர்.

“நண்பர்களே, பங்காளிகளே. இந்த மண் உங்களுடையது. இந்த மான் உங்களுடையது. மானைப் பற்றிய அறிவும் உங்களுடையது. முடிவு மட்டும்தான் எங்களுடையது. நான்கில் மூன்று உங்களுக்கு, ஒன்றே ஒன்று எங்களுக்கு. இவ்வளவு தாராளமான கூட்டு உலகில் வேறெங்கும் இல்லை என்று நான் பல நாடுகளுக்குச் சென்று சொல்லியிருக்கிறேன். வாரியம் தொடங்கியபோது மான்கள் நிறைய இருந்தன, கூட்டங்கள் குறைவாக இருந்தன. இன்று அந்த நிலையை மாற்றிக் காட்டியிருக்கிறோம்.”

பின்வரிசை உறுப்பினர் ஒருவர் கைதட்டினார். பிறகு மற்றவர்களும்.

மானின் நிலையை முடிவுசெய்யும் பொருள் எடுத்துக்கொள்ளப்பட்டது. உடனே கிர்ஸ்டன் கையைத் தூக்கி, ஊர் சார்பில் உட்காரும் பங்காளி இல்லாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்ற விதியை நினைவூட்டினாள். பங்காளி நாற்காலி இரண்டு வருஷமாகக் காலி. அதில் உட்கார்ந்திருந்த கிழவர் ஏபெல் இறந்துபோனார். புதியவரை நியமிக்க, விலகும் பங்காளியின் கையெழுத்து வேண்டும். ஏபெல் கையெழுத்துப் போடும் நிலையில் இல்லை. அவர் இறந்த பிறகு நடந்த கூட்டங்களிலும் அவர் எதற்கும் ஆட்சேபிக்கவில்லை என்றே நடவடிக்கைக் குறிப்பில் எழுதி வந்தார்கள். அந்தக் காலத்தில்தான் வாரியம் மிகச் சுமுகமாக நடந்தது. அண்மையில் தணிக்கைக்காரர் ஒருவர் அதைக் குறை சொல்லிவிட்டார்.

“இப்ப என்ன செய்றது?” என்று பென்ஹேல் கூட்டத்தைப் பார்த்தார்.

எலும்பு கேட்பதற்கு இதுதான் சமயம் என்று நினைத்துப் பிலோமின் கையைத் தூக்கினாள்.

“அற்புதம்! தாமாக முன்வந்திருக்கிறார்!” என்றார் பென்ஹேல். “தற்காலிகப் பங்காளி. பெயர்?”

“இல்லங்க, நான் வந்து ஒரு எலும்பு...”

அதற்குள் அவளை மேடைக்கு அழைத்துப் பச்சை மேலங்கி மாட்டிவிட்டார்கள். ஏபெலுக்குத் தைத்தது. அதன் கை அவள் விரல்நுனியைத் தாண்டித் தொங்கியது. நாற்காலியில் உட்கார்ந்ததும் அவளால் கேட்க முடிந்தது.

“என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லைங்க. ரொம்ப நாள் இருக்கமாட்டார். அந்த மானோட நல்லி எலும்பு ஒண்ணு குடுத்தீங்கன்னா போதும்.”

பென்ஹேல் தலையை மெல்ல ஆட்டினார். அவர் கண்களில் உண்மையாகவே ஈரம் இருந்தது. அதை யாரும் மறுக்க முடியாது.

“அம்மா, உங்க வலி எனக்குப் புரியுது. ஆனா இப்ப நீங்க சொன்னதால ஒரு சிக்கல். இந்தப் பொருள்ல உங்களுக்குச் சொந்த நலன் இருக்கு. சொந்த நலன் இருக்கறவங்க விவாதம் முடியறவரைக்கும் வெளியே போய் இருக்கணும்.”

பிலோமின் எழுந்து வெளியே போனாள். உள்ளே விவாதம் தொடங்கியது. தொடங்கியதும் பங்காளி நாற்காலி காலி என்று கிர்ஸ்டன் கையைத் தூக்கினாள். பிலோமினை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் உட்கார்ந்ததும் மானின் பேச்சை எடுக்க முடியவில்லை. மறுபடி வெளியே அனுப்பினார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். போகவர இருந்ததில் மேலங்கி கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது.

“நான் கதவுக்கிட்டயே நிக்கட்டுங்களா?” என்று கேட்டாள். “பாதி உள்ள, பாதி வெளிய?”

அந்த யோசனையைச் சட்ட ஆலோசகருக்கு அனுப்புவது என்று தீர்மானித்துக் கூட்டத்தை ஒத்திவைத்தார்கள்.

மறுநாள் பனிக்காற்று பிடித்துக்கொண்டது. ஏரியின் அக்கரை மறைந்தது, பிறகு ஏரி மறைந்தது, பிறகு தேவாலயம். வாரியத்தை அழைத்துப்போக வர வேண்டிய விமானமும் வரவில்லை, கடைக்குச் சரக்கு கொண்டுவர வேண்டிய விமானமும் வரவில்லை. உறுப்பினர்கள் விளையாட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். சாசேஜ் தீர்ந்தது. பிறகு கோழி. ஊரார் வெண்மீனும் அப்பமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பென்ஹேலுக்கு மீன் ஆகாது, தடிப்பு வரும். அவர் டப்பா பீன்ஸ் சாப்பிட்டார். அடுத்த நாளும் பீன்ஸ். அதற்கடுத்த நாள் காலையில், அந்த மானின் ‘புலன்வழித் தர மதிப்பீடு’ நிலுவையில் இருப்பது அவருக்கு நினைவு வந்தது.

பிலோமின் கணவனுக்கு முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவன் சட்டென்று தலையை உயர்த்தினான். மூக்கு விடைத்தது. வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் காற்று நேராக இவர்கள் பக்கம் வீசிக்கொண்டிருந்தது.

“யாரோ நல்லி வேகவெக்கறாங்க,” என்றான்.

“உனக்குத் தோணுது அப்படி.”

“அட, எனக்கு நுரையீரல்தான் போச்சு, மூக்கு போகல. யாரோ வேகவெக்கறாங்க பிலோமின். மூடி போடாம வேகவெக்கறாங்க, மடப்பசங்க.”

கதவைத் தள்ளிக்கொண்டு பெர்த்தா வந்தாள். தலைத்துணியெல்லாம் பனி. அண்ணன் முகத்தைப் பார்க்காமல் பிலோமினிடம் மட்டும் பேசினாள்.

“உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. பங்காளி இல்லாம வாய் வைக்கக் கூடாதாம்.”

“என்னத்துல?”

“என்னையக் கேக்காத. என் அடுப்புல, என் சட்டியில, என் கையாலயே வேகவெக்கச் சொல்லிட்டு அந்தப் பொண்ணு பக்கத்துல தராசோட நிக்குது. ஒரு துண்டு ஒளிக்க விடல. போடும்போது எடை, எடுக்கும்போது எடை.”

மொயீஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் ஒன்றும் சொல்லாமல் இருந்து பிலோமின் பார்த்ததில்லை.

கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். எல்லோர் முன்னாலும் கிண்ணம், கரண்டி, மதிப்பெண் தாள். மணம், மென்மை, சாறு, ஒட்டுமொத்தத் திருப்தி. பென்ஹேல் மூன்றாவது கிண்ணத்தில் இருந்தார். பங்காளி வரும்வரை யாரும் வாய் வைக்கக் கூடாது என்ற விதியால் முதல் இரண்டும் ‘ஒத்திகை’ என்று எழுதப்பட்டிருந்தன.

“வாங்கம்மா. ஒருத்தர் ஒரே தடவை சாப்பிட்டு மதிப்பெண் போட்டா அறிவியல் ஒத்துக்காது,” என்று விளக்கினார். “அதனாலதான் திரும்பத் திரும்பச் சாப்பிட வேண்டியிருக்கு. சுலபமான வேலை இல்ல.”

“நல்லி ஒண்ணு வீட்டுக்குக் கொண்டுபோகட்டுங்களா?”

“மாதிரியை அறையை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாதே.”

“அவரைக் கட்டிலோட இங்க தூக்கிட்டு வரட்டுங்களா?”

“மதிப்பீட்டாளர் பட்டியல்ல பேர் இருக்கணும். அடுத்த கூட்டத்துல திருத்தலாம். ஜூன்ல.”

பிலோமின் கிர்ஸ்டனைப் பார்த்தாள். கிர்ஸ்டன் தராசைப் பார்த்தாள். “என் கையில ஒண்ணும் இல்லக்கா,” என்று மெதுவாகச் சொன்னாள். அவள் கையில் தொடை எலும்பு இருந்தது. அதை ஒரு பைக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள்.

பங்காளியின் கிண்ணம் வந்தது. வெந்து பஞ்சுபோலான ஒரு துண்டு. அதன் மேல் ஒரு விரல் நீளத்துக்கு நல்லி, நடுங்கிக்கொண்டு. பிலோமின் கரண்டியை எடுத்தாள். நல்லியையும் கறியையும் சேர்த்து வாயில் வைத்து, நாக்கால் இடக் கன்னத்துக்குள் ஒதுக்கினாள். உதட்டை மூடிக்கொண்டாள்.

விழுங்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து வாய்க்கு வந்த சுவை. கொழுப்பு உருகித் தொண்டையை நோக்கி இறங்கியது. தொண்டை தானாக அசைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது. எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

“ஒரு நிமிஷம், பங்காளி இருக்கும்போதே ஒரு தீர்மானத்தை முடிச்சிடலாம்,” என்றார் பென்ஹேல். அவர் எழுந்து நின்று வாயைத் துடைத்துக்கொண்டார்.

“இந்த மானின் நிலை பற்றி மூன்று நாளாகத் தவித்தோம். இப்போது அது சாப்பிடப்பட்டிருப்பதால் நிலை தெளிவாகிவிட்டது: இது உணவு. உணவு என்றால் வேட்டைக் கணக்கில் ஏற வேண்டும். யார் கணக்கில்? வாரியத்துக்கு வேட்டை உரிமை கிடையாது. அந்தப் புனிதமான உரிமை உங்கள் மக்களுக்கு மட்டுமே உண்டு. அதை உங்களிடமிருந்து பறிக்க நான் யார்? இது உங்கள் ஊரில் இறந்தது. உங்கள் அடுப்பில் வெந்தது. பங்காளி முன்னிலையில் உண்ணப்பட்டது. ஆகவே இந்த ஒரு மானைக் கல்லிடுக்கு ஏரி ஊரின் கணக்கில் வைக்க முன்மொழிகிறேன். ஊரின் அனுமதி பூஜ்யம். பூஜ்யத்தில் ஒன்று போனால் மைனஸ் ஒன்று. பங்காளிக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா?”

சமையலறை வாசலில் பெர்த்தா அகப்பையோடு நின்றிருந்தாள். ‘சொல்லேன், வாயைத் திறந்து சொல்லேன்’ என்று கண்ணாலும் அகப்பையாலும் ஜாடை காட்டினாள்.

பிலோமினுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. வார்த்தைகூடத் தயாராக இருந்தது. சொல்ல வேண்டுமானால் விழுங்க வேண்டும், அல்லது துப்ப வேண்டும். அவள் பென்ஹேலைப் பார்த்தாள், வரிசையாக உட்கார்ந்திருந்த பச்சை மேலங்கிகளைப் பார்த்தாள், பெர்த்தாவைப் பார்த்தாள். கன்னத்துக்குள் நல்லி கரைந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் கொண்டுபோக ஒன்றும் இருக்காது.

உதடு திறக்கவில்லை.

“பாருங்கள்,” என்று பென்ஹேல் தழுதழுத்த குரலில் உறுப்பினர்களிடம் சொன்னார். “இந்த மக்களின் மௌனத்தைக் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். இந்தக் கண்ணீரை நான் மறக்கமாட்டேன். பங்காளிக்கு ஆட்சேபணை இல்லை. தீர்மானம் நிறைவேறியது.”

கைதட்டல் முடிவதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள். காற்று ஆளைத் தள்ளியது. வழுக்கிவிடக் கூடாது என்று கால்களைப் பரப்பிவைத்து நடந்தாள். கடை வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த ஒருவன், “என்ன பிலோமின், போர்டு மெம்பர் ஆனதும் எங்ககூட எல்லாம் பேச்சு கிடையாதா?” என்று கத்தினான். கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

மொயீஸ் இன்னும் சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். அவள் அவன் முகத்தைத் திருப்பி, தாடையைப் பிடித்து, வாயில் இருந்ததை உள்ளங்கையில் எடுத்து அவன் உதட்டுக்குள் வைத்தாள். குழந்தைக்கு மென்று கொடுப்பதுபோல. அவன் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் வாய்க்குள் வைத்திருந்தான். தொண்டை ஏறி இறங்கியது. திரும்பி வரவில்லை.

“நாசமாப் போறவனுங்க,” என்றான் கடைசியில். “உப்பைப் போட்டுட்டானுங்க.”

அவள் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். தீர்மானத்தைப் பற்றிச் சொன்னாள். அவன் இருமல் வரும்வரை சிரித்தான்.

“மைனஸ் ஒண்ணா? ஏய், அப்போ இல்லாத மானையே தின்னுட்டோமாடி நாம?”

“ஊர்ல என்னை என்ன சொல்லப்போறாங்களோ.”

“சொல்லட்டும். பெர்த்தாகிட்ட மட்டும் விஷயத்தைச் சொல்லிடு. அவ வாய் இருக்கே, மிச்சத்தை அது பாத்துக்கும்.”

காற்று நின்றதும் வாரியம் புறப்பட்டுப் போனது. எலும்புகள் பையில் போயின, தோல் போயிற்று, ஃப்ரீசர் பூட்டு மட்டும் தங்கிவிட்டது. சாவி யாரிடம் என்று தெரியவில்லை. ஊரில் சிலர் பிலோமினிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாள் பெர்த்தாவே வந்து, “ஒரு வார்த்தை அண்ணி. இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை. உனக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று கத்தினாள். பிலோமின் வாயில் என்ன இருந்தது என்று சொன்னாள். பெர்த்தா அண்ணன் கட்டிலுக்குப் போய் அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்கப்புறம் ஊரில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஏரியில் பனிக்கட்டி உடைவதற்கு முன்பே மொயீஸ் போய்விட்டான். அடக்கத்துக்கு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். சாப்பாட்டுக்கு வெண்மீன் வைத்தார்கள். வந்தவர்கள் மீனைச் சாப்பிட்டுவிட்டு நல்ல மீன் என்று சொன்னார்கள். கரிபு என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. வாரியத்திலிருந்து அனுதாபச் செய்தி வந்தது: பங்காளியின் கணவரது மறைவு, நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவது பொருளாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஜூன் மாதம் பென்ஹேல் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அம்மா, உங்க ஊர் மைனஸ் ஒண்ணுல இருக்கறதை நெனச்சா எனக்குத் தூக்கமே வரல. உங்களைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கோம். நீங்க ஒரு மானைத் திருப்பிக் குடுக்கணும்.”

“எங்ககிட்ட ஏதுங்க மான்?”

“இருக்கற மான்ல ஒண்ணை நீங்க கொல்லாம விட்டாப் போதும். அது உங்க பேர்ல வரவு.”

“நாங்கதான் எதையுமே கொல்லக் கூடாதே?”

“அது பொதுவான தடை. நான் சொல்றது குறிப்பிட்ட ஒண்ணைக் கொல்லாம இருக்கறது. நீங்களா மனசார.”

பிலோமின் யோசித்தாள். “சரிங்க. எந்த மானைக் கொல்லாம இருக்கணும்னு சொல்லுங்க, அதைக் கொல்லாம இருக்கோம்.”

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் எதிர்முனையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. சில வாரங்களில் கழுத்தில் வார் கட்டிய ஒரு பெட்டை மானின் படம் வந்து சேர்ந்தது. கொல்லாமல் இருக்க வேண்டிய மான் அது. அது நின்ற இடம் ஊரிலிருந்து விமானத்தில் போனாலும் அரை நாள் தூரம். கடைச் சுவரில் படத்தை ஒட்டினார்கள். பெர்த்தா அதற்குப் பென்ஹேல் என்று பேர் வைத்தாள். “இன்னைக்குப் பென்ஹேலைக் கொல்லாம இருந்தியா?” என்று சாயங்காலங்களில் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். கோடை முழுக்க ஊர் தன் வாக்கைக் காப்பாற்றியது.

முதல் பனி விழுந்த வாரம் மறுபடி தொலைபேசி. பிலோமின் தனியாக வீட்டில் இருந்தாள். அடுப்புக்குப் பக்கத்துக் கட்டிலை இன்னும் மடக்கவில்லை. அதன் மேல் துவைத்த துணி குவிந்திருந்தது. பென்ஹேலின் குரல் கம்மியிருந்தது.

“வருத்தமான செய்திம்மா. உங்க மானை ஓநாய் அடிச்சிடுச்சு.”

“ஐயோ.”

“கிர்ஸ்டன் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தா. கழுத்து வார் மட்டும்தான் இருந்துச்சு.”

“எங்க ஊர் ஓநாய் இல்லைங்க அது.”

“தெரியும். யாரும் உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா அந்த மான் உங்க பொறுப்புல இருந்துச்சு. அது செத்ததால அந்த வரவு போச்சு, அதோட உங்க பொறுப்புல ஒரு மான் செத்ததா செலவும் விழுது. ஓநாய்க்குத் தனிக் கணக்கு கிடையாது பாருங்க. அதனால உங்க ஊர் இப்ப மைனஸ் ரெண்டு. இதைத் தீர்மானமா எழுதணும். பங்காளியோட கருத்து தேவைப்படுது. இந்தத் தடவை நீங்க வாய் திறந்து சொல்லணும்னு நான் ரொம்ப ஆசைப்படறேன். உங்க மனசுல இருக்கறதை அப்படியே சொல்லுங்க.”

பிலோமின் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இந்தத் தடவை வாயில் ஒன்றும் இல்லை. ஆனால் வார்த்தைக்குப் பதில் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக வந்தது, பிறகு வயிற்றிலிருந்து வந்தது. மொயீஸ் இருந்திருந்தால் இந்த ஓநாய்க் கதைக்கு எப்படி இருமியிருப்பான் என்று நினைத்ததும் இன்னும் பெரிதாக வந்தது. துணிக் குவியலின் மேல் உட்கார்ந்துகொண்டாள். கண்ணில் நீர் கொட்டியது. போனை வைக்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை.

எதிர்முனையில் பென்ஹேல் மரியாதையாகக் காத்திருந்தார். சற்று நேரம் கழித்து, பக்கத்தில் இருந்த யாரிடமோ தாழ்ந்த குரலில் அவர் சொல்வது கேட்டது.

“சந்தோஷமா ஏத்துக்கிட்டாங்க. ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கோ.”